குவைத் போய் வந்த பாட்டு

அந்தப் பாட்டை நான் முதல்முதலாகப் பாடியபோது என் இடது காதில் பஞ்சு வைத்திருந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால் அப்பா அறைந்த அறையில் காது ஜவ்வு கிழிந்து சீழ் பிடித்திருந்தது. 2004ஆம் வருஷம், கோடை விடுமுறை. எனக்குப் பதினைந்து வயது. பிற்பாடு பஸ்களிலும் ஆட்டோக்களிலும் கல்யாண மண்டபங்களிலும் அந்தப் பாட்டு ஓடியது. போகிற இடமெல்லாம் பெண் பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டு கையெழுத்துக் கேட்டார்கள். பேட்டி எடுக்க வந்தவர்கள் எல்லாரும் எப்படித் தொடங்கியது என்றுதான் கேட்டார்கள். காதைப் பற்றி அப்போது நான் யாரிடமும் சொன்னதில்லை.

நாங்கள் மரக்காணம் உப்பளத்துக்கு மேற்கே ஒரு தெருவில் இருந்தோம். அப்பா அளத்தில் உப்பு வாருகிறவர். பாத்தியில் உப்பு படிந்ததும் நீளக் கம்பு மாட்டிய பலகையால் இழுத்து வரப்போரம் குவிப்பார். அம்மாவும் மற்றப் பெண்களும் அதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்துபோய் மேட்டில் கொட்டி அம்பாரமாக்குவார்கள். குடிக்காத நாளில் அப்பாவைப்போல் வேலை செய்ய அந்த அளத்தில் ஆள் இல்லை. குடித்த நாளில் முதலில் பாத்திரங்களை எறிவார், பிறகு அம்மாவை அடிப்பார். நான் ஒன்பதாவது சேர்ந்த சமயம் அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டார். வீடு கட்டக் காசு சேர்க்கப் போவதாக ஊரில் சொல்லிக்கொண்டார். எதற்காகப் போனார் என்பது எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். மூன்று வருஷ ஒப்பந்தம். பாஸ்போர்ட்டை அந்த வீட்டுக்காரர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அம்மாவுக்கு விசா கிடைத்தது என்னோடு படித்த ஒருத்தியின் வீட்டு மூலமாக. அவர்கள் கூனிமேட்டுக்காரர்கள். அவளுடைய அப்பா குவைத்தில் டிரைவர். அவளுடைய அம்மாவை அந்தத் தெருப் பிள்ளைகள் சின்னம்மா என்ற அர்த்தத்தில் காலா என்று கூப்பிடுவதைக் கேட்டு நானும் காலா என்றே கூப்பிட்டேன். அம்மா போனபிறகு பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் பெரும்பாலும் காலா வீட்டில்தான் இருப்பேன். ஐ.எஸ்.டி. போட்டுப் பேசினால் மூன்று நிமிஷத்துக்குள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்க வேண்டும். அதனால் காலா வீட்டில் கேசட்டில் பேசி அனுப்பும் பழக்கம் இருந்தது. லீவு முடிந்து குவைத் திரும்புகிற யாராவது கொண்டுபோவார்கள். காலா தன் கணவருக்குப் பேசி முடித்ததும் மிச்சமிருக்கும் பக்கத்தை எனக்குத் தருவார். வெள்ளிக்கிழமை காலாவின் கணவருக்கு லீவு. அன்று அம்மாவை வேலை செய்கிற வீட்டின் வாசலுக்கு வரச்சொல்லி, காரில் அந்தக் கேசட்டைப் போட்டுக் காட்டுவார்.

அந்த முறை காலா டேப் ரெக்கார்டரை என் முன்னால் வைத்து, சிவப்புப் பட்டனை அழுத்திவிட்டு, "பேசும்மா, ஒங்கம்மா காத்துனு இருக்கும்" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. பேசினால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. காது எப்படி ஆனது என்று காலாவிடமே நான் உண்மையைச் சொல்லியிருக்கவில்லை, வரப்பில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றுதான் சொல்லியிருந்தேன். கேசட் சுற்றிக்கொண்டே இருந்தது. ரேடியோவில் கேட்ட பாட்டுகளைத் தனியாக முணுமுணுத்து, வரிகளை மாற்றிப் பாடும் பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அன்றைக்கு மெட்டும் என்னுடையதாகவே வந்தது.

உப்பு வெளஞ்சாச்சு, அம்பாரம் ஒசந்தாச்சு
அப்பா குடிக்கிறதில்ல, அதெல்லாம் மறந்தாச்சு
நேரத்துக்குச் சாப்புடு நீ, நெனச்சி நெனச்சி அழுவாத
நல்லாருக்கேன், நான் நல்லாருக்கேன், நல்லாருக்கேன்

இப்படி மூன்று சரணம். எல்லாமே பொய். அப்பா அப்போதுதான் முன்பைவிட அதிகமாகக் குடித்துக்கொண்டிருந்தார். பாடி முடித்ததும் காலா பட்டனை நிறுத்திவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லா பாட்றியே" என்று மட்டும் சொன்னார். பிறகு உள்ளே போய் எனக்குத் தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்தார்.

காது ஆறவில்லை. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் திரும்பத் திரும்ப வரச்சொன்னார். நான் இரண்டு தடவைக்கு மேல் போகவில்லை. பள்ளிக்கூடம் திறந்தபோது இடது பக்கம் உட்கார்ந்திருக்கிறவள் என்ன பேசினாலும் எனக்குக் கேட்கவில்லை. வகுப்பில் இடதுகோடிக்கு இடம் மாறி உட்கார்ந்துகொண்டேன்.

அந்த வருஷம் டிசம்பரில்தான் கடல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. மழைக்காலம் என்பதால் அளத்தில் வேலை இல்லை. கடலோரக் குப்பங்களிலிருந்து ஜனங்கள் ரோட்டைத் தாண்டி மேற்கே ஓடி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கால்வாய் வழியாகத் தண்ணீர் ஏறி, வரப்பெல்லாம் மூழ்கி, எங்கள் தெருமுனை வரைக்கும் வந்து நின்றது. எங்கள் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. குப்பங்களில் செத்தவர்களை எடுக்க அப்பா மற்ற ஆட்களோடு போனார். ஐந்து நாள் போனார். அந்த ஐந்து நாளும் அவர் குடிக்கவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. ஆறாம் நாள் குடித்துவிட்டு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அன்றைக்கு என்னை அடிக்கவில்லை.

கடலோரத்து ஜனங்களை எங்கள் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகளான நாங்கள் சோறு பரிமாறவும் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் போனோம். மத்தியான வேளையில் சின்னதுகள் ஏதாவது சத்தம் கேட்டாலே எழுந்து ஓடப் பார்க்கும். அவர்களை உட்கார வைக்க நான் பாடுவேன். தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்துபோன ஒருநாள் என் சொந்தப் பாட்டைப் பாடினேன். குழந்தைகளுக்கு அந்த 'நல்லாருக்கேன்' பிடித்துவிட்டது. கூடவே கத்தினார்கள்.

ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்த ஒருத்தர் உள்ளே எட்டிப் பார்த்தார். முப்பது வயது இருக்கும்.

"ஏம்மா, இது கேசட்டு பாட்டாச்சே. ஒனக்கு எப்படித் தெரியும்?"

"எந்தக் கேசட்டுங்க?"

"குவைத்துல எங்க கேம்ப்புல எல்லார்கிட்டயும் இருக்குது. நாலு மாசம் முன்னாடிதான் நான் முடிச்சிட்டு வந்தேன். வெள்ளிக்கிழம ஊருக்குப் போன் பண்றதுக்கு முன்னாடி இதைப் போட்டுக் கேட்டுட்டுதான் போவானுங்க. ஒரு ரூமுல பன்னெண்டு பேரு. அத்தனை பேரும் போன்ல இதே டயலாக்தான், நல்லாருக்கேன் நல்லாருக்கேன்னு."

"அது நான் பாடுனதுங்க. எங்கம்மாவுக்குப் பாடி அனுப்புனேன்."

அவர் நம்பவில்லை. சிரித்தார். "எங்க, ரெண்டாவது சரணம் பாடு."

நான் பாடினேன். பாதியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது, குரல் மாறாதே. சிரிப்பு நின்றது. மூன்றாவது சரணத்தின் கடைசி வரி வந்தபோது அவர் ஜன்னலை விட்டு நகர்ந்து மைதானத்தின் அந்தப் பக்கம் போய்விட்டார். அவருடைய மனைவியை அலை கொண்டுபோயிருந்தது என்று சாயங்காலம் பக்கத்து வகுப்பறையில் இருந்தவர்கள் சொன்னார்கள். அதன்பிறகு அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் அந்தப் பாட்டைப் பாடவில்லை.

காலாவிடம் இதைச் சொன்னேன். காலா அடுத்த போனில் கணவரைக் கேட்டார். அவர் தயங்காமல் ஒப்புக்கொண்டார். காரில் அம்மாவோடு கேட்டபோது அவருக்கே மனசு என்னவோ செய்ததாம். ரூமில் இருக்கிறவர்களுக்குக் காட்ட ஒரு காப்பி எடுத்துக்கொள்ளட்டுமா என்று அம்மாவைக் கேட்டாராம். அம்மாவும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாராம். அங்கிருந்து ஒருத்தருக்கு ஒருத்தர் காப்பி எடுத்து எங்கெங்கோ போயிருக்கிறது. லீவில் வந்த யாரோ ஊருக்கும் கொண்டுவந்துவிட்டார்கள்.

பிப்ரவரி மாதம் காலா துணி எடுக்கப் பாண்டிச்சேரி போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கேசட் கடையில் வாசலில் ஸ்பீக்கர் வைத்து அந்தப் பாட்டைப் போட்டிருந்தார்கள். என் குரல்தான். பின்னால் கோழி கூவுவதுகூட அப்படியே கேட்டது, அது காலா வீட்டுக் கோழி. நாங்கள் இருவரும் ரோட்டிலேயே நின்றுவிட்டோம். கடையில் அடுக்கியிருந்த கேசட்டின் அட்டையில் யாரோ ஒரு பெண், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, பாலைவனத்தில் ஒட்டகத்தின் பக்கத்தில் நின்றாள். மற்றப் பாட்டுகள் வேறு யார் யாரோ பாடியவை.

காலா நேராக உள்ளே போனார். "இது யாரு பாட்டு பாய்?"

"தெரிலமா. குவைத் பாட்டுன்னு கேக்குறாங்க. மெட்ராஸ்லேர்ந்து வருது."

"பாடுன பொண்ணு இதோ நிக்குது."

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பள்ளிக்கூடத் தாவணியும் ரப்பர் செருப்புமாக இருந்தேன். "எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்கமா" என்றார். காலாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஸ்பீக்கரை நிறுத்தச் சொன்னார். "நீ பாடுடி. இவரு காதுல விழட்டும்" என்றார்.

நடுக் கடைத்தெருவில் பாடச் சொன்னால் எப்படிப் பாடுவது? தரையைப் பார்த்துக்கொண்டு பாடினேன். முடித்து நிமிர்ந்தபோது வாசலில் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். பழம் விற்கிற அம்மா ஒருத்தி கூடையோடு நின்றாள். கடைக்காரர் போனை எடுத்து யாரையோ வரச்சொன்னார். வந்தவர் கோட்டக்குப்பத்தில் ஆர்கெஸ்ட்ரா வைத்திருந்த கீபோர்டுக்காரர். அன்றைக்கே என் குரலுக்கு எந்தச் சுருதி என்று பார்த்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். பத்தாவது பரீட்சை முடிந்ததும் ஒத்திகைக்கு வரச்சொன்னார்.

அப்பாவிடம் நான் சொல்லவில்லை. ஆனால் ஊரில் கேசட் வந்துவிட்டது. அளத்தில் வேலை ஆரம்பித்திருந்த நேரம். அப்பா வேலை முடித்துக் கடைப்பக்கம் போனால் யாராவது ஒருத்தன், "அப்பா குடிக்கிறதில்ல, அதெல்லாம் மறந்தாச்சு" என்று பாடுவான். மற்றவர்கள் சிரிப்பார்கள். பாத்தியில் பலகை இழுக்கும்போதுகூட அடுத்த பாத்தியிலிருந்து பாடினார்களாம். கொஞ்ச நாள் அவர் கடையை மாற்றிக் குடித்தார். அங்கேயும் அந்தப் பாட்டுப் போயிருந்தது.

ஒருநாள் சாயங்காலம் நான் வீட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது வந்தார். குடிக்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்தார்.

"என்னப் பத்தி எதுக்குப் பாடுன?"

நான் துடைப்பத்தைக் கீழே போடாமல் கொஞ்சம் தள்ளி நின்றேன். அடி விழும் தூரத்துக்கு வெளியே நிற்பது எனக்குப் பழக்கமாகியிருந்தது. "அம்மா பயப்படக் கூடாதுன்னு பாடுனேன்பா. ஊரு கேக்கும்னு எனக்குத் தெரியாது."

"குடிக்கிறான்னே பாடியிருக்கலாமே. அதுன்னா எவனும் சிரிச்சிருக்க மாட்டான்."

"கச்சேரியில கூப்புடுறாங்கப்பா. பாண்டிச்சேரில."

அவர் வாசற்படியிலிருந்து எழுந்தார். "போ. ஆனா அந்த வரிய மாத்திடு" என்றார். நான் மாற்றவில்லை. மாற்றக் கூடாது என்று கீபோர்டுக்காரர் சொல்லிவிட்டார், ஜனங்கள் அந்த வரிக்குத்தான் கை தட்டுவார்கள் என்று.

பரீட்சை முடிந்ததும் காலா வீட்டிலேயே தங்கி ஒத்திகைக்குப் போனேன். முதல் மேடை இரும்பை பக்கம் ஒரு கிராமத்துத் திருவிழா. வெளிச்சம் இருக்கும்போதே ஆரம்பித்துவிட்டார்கள். மேடையில் பாடுகிறவர்களுக்கு வாத்தியம் கேட்பதற்காகத் தனியாக ஒரு ஸ்பீக்கர் வைப்பார்கள். அது எனக்கு இடது பக்கம் இருந்தது. எனக்குக் கேட்டதெல்லாம் முன்னால் உட்கார்ந்திருந்த கூட்டத்தின் இரைச்சல் மட்டும்தான். தாளம் ஒரு பக்கம் போக நான் ஒரு பக்கம் போனேன். இரண்டாவது வரியிலேயே கூட்டத்தில் விசில் கிளம்பிவிட்டது. "ஏய், இது கேசட்டு பொண்ணு இல்லடா, டூப்பு!" என்று ஒருவன் கத்தினான்.

கீபோர்டுக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். என்ன செய்வதென்று யோசிக்கவில்லை. மைக்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு மேடையின் இடது ஓரத்துக்குப் போனேன். வலது காது தாளம் போடுகிறவர் பக்கம் இருக்கும்படி, கூட்டத்துக்குப் பாதி முகம் மட்டும் தெரிகிற மாதிரி, தலையைச் சாய்த்து நின்றேன். "முதல்லேர்ந்து போடுங்கண்ணா" என்றேன். அப்போது எல்லாம் கேட்டது. பாட்டு முடிந்ததும் அந்தக் கூட்டமே இன்னொரு தடவை கேட்டது. அன்றைக்கு நான்கு தடவை பாடினேன்.

அதன்பிறகு எந்த மேடையிலும் அப்படித்தான் நின்றேன். அது ஒரு ஸ்டைல் என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள். திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூட விழாவுக்குப் போனபோது, என் பாட்டைப் பாடிய ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னைப்போலவே ஓரமாக நின்று தலையைச் சாய்த்துக்கொண்டு பாடினாள். அவளுக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். நான் கை தட்டினேன்.

அந்த வருஷக் கடைசியில் சென்னையில் ஒரு கம்பெனி அந்தப் பாட்டையும் அதன்பிறகு நான் கட்டிய பாட்டுகளையும் சேர்த்து ஆல்பம் போட வந்தது. எனக்குப் பதினெட்டு ஆகாததால் அப்பாவின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, சவரம் செய்துகொண்டு வந்தார். அந்த ஆபீஸின் கண்ணாடி மேஜையில் உப்புத் தண்ணீரில் வெடித்த தன் கைகளை வைக்கத் தயங்கி, மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் கொடுத்துவிட்டு எனக்கு இடது பக்கம் உட்கார்ந்தார். வழியில் ஏதோ பேசினார். எனக்குக் கேட்கவில்லை. "என்னப்பா?" என்று திரும்பினேன். அவர் என் காதைப் பார்த்தார். எழுந்து, ஊர் வரும்வரைக்கும் நின்றுகொண்டே வந்தார். அன்றைக்குத்தான் அவருக்கு முழுதாகத் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

ரெக்கார்டிங்கில் இன்னொரு சிக்கல் வந்தது. தலையில் ஹெட்ஃபோன் மாட்டி, இசையையும் தாளத்துக்காக விடுகிற கிளிக் சத்தத்தையும் கேட்டுக்கொண்டே பாட வேண்டும். எனக்குப் பாதி இசைதான் வந்தது. தாளம் தவறிக்கொண்டே இருந்தது. நான்கைந்து டேக் ஆனதும் இசையமைத்தவர் வெளியே போய்விட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த சவுண்ட் இன்ஜினியர் மட்டும் இருந்தார்.

"லெஃப்ட்ல கிளிக் கேக்குதாம்மா?"

"கேக்குது சார்."

அவர் ஏதோ பட்டனைத் தள்ளினார். "இப்போ?"

"கேக்குது சார்."

"இப்போ நான் லெஃப்ட்ட சுத்தமா நிறுத்திட்டேன்மா" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றுதான் தோன்றியது. அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. இரண்டு பக்கத்து இசையையும் சேர்த்து வலது பக்கத்துக்கே அனுப்பிவிட்டு, "இப்ப பாடு" என்றார். அடுத்த டேக் சரியாக வந்தது. இசையமைத்தவர் திரும்பி வந்தபோது, ஹெட்ஃபோனில் ஒயர் போயிருந்தது என்று அவரிடம் சொன்னார்.

2006 பொங்கல் சமயத்தில் ஆல்பம் வந்தது. எஃப்.எம்.மில் காலையும் மாலையும் போட்டார்கள். ஈ.சி.ஆர். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். செல்போன் வைத்திருந்தவர்கள் எல்லாம் அந்த 'நல்லாருக்கேன்'னை ரிங்டோனாக வைத்தார்கள். ஒரு கல்லூரி விழாவில் நான் வேனிலிருந்து இறங்கும்போது கூட்டம் இழுத்ததில் என் துப்பட்டா கிழிந்தது. 'நல்லாருக்கேன் பொண்ணு' என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள், என் பெயரே எனக்கு மறந்துவிடும்போல் இருந்தது. சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. பொய் சொல்வானேன். புதுச் செருப்பு, புதுச் சுடிதார், நான் போனால் எழுந்து நிற்கிற ஆட்கள், எல்லாமே பிடித்திருந்தது. ஒவ்வொரு மேடையிலும் அந்த இரண்டாவது வரி வரும்போது மட்டும் வாயில் ஒரு மாதிரிக் கசக்கும்.

ஏப்ரலில் ஒரு டி.வி.யிலிருந்து உப்பளத்தில் படம் எடுக்க வந்தார்கள். அளம் முழுக்க உப்பு படிந்து கண் கூசிய நேரம். என்னை அம்பாரத்தின் முன்னால் நிறுத்திப் பாட வைத்தார்கள். பிறகு, பாட்டில் வருகிற அப்பாவை ஒரு வார்த்தை பேசச் சொல்லலாம் என்றார்கள். அப்பா பாத்தியில் வேலையில் இருந்தார். பலகையைப் பிடித்தபடியே நிற்கச் சொல்லி, சட்டையில் சின்ன மைக்கை மாட்டினார்கள்.

நிகழ்ச்சி நடத்துகிற பெண் சிரித்துக்கொண்டே கேட்டார். "மகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தது நீங்கதானா?"

"நான் ஒண்ணும் சொல்லிக்கொடுக்கல."

"மகள நெனச்சா எப்படி இருக்கு?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு கேமராவைப் பார்த்தார். "நான் குடிப்பேன். குடிச்சிட்டு அடிப்பேன். அவ அம்மாவையும் அடிச்சேன், அவளையும் அடிச்சேன். இந்தக் கையால அடிச்சுதான் பொண்ணுக்கு ஒரு காது போச்சு. பாட்டுல வர்றது பொய். என்னக் காப்பாத்த அவ பாடுன பொய்."

கேமராக்காரர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். அந்தப் பெண்ணின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோயிருந்தது. "ஐயா, இது குடும்பமா பாக்குற புரோகிராம். கொஞ்சம் சந்தோஷமா ஏதாவது சொல்லுங்களேன்" என்றார்.

"வேற இல்லம்மா. வேணும்னா போடுங்க, இல்லன்னா வுட்டுடுங்க." மைக்கைத் தானே கழற்றிக் கொடுத்துவிட்டுப் பாத்திக்குள் இறங்கிப் பலகையை இழுக்க ஆரம்பித்தார். அளத்தில் வேலை செய்த எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருத்தரும் பாடவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அவர் பேசியதில் எனக்கு வெட்கம் வந்தது, தைரியமும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில்.

டி.வி.யில் அவர் பேசியது வரவில்லை. அவர் உப்பு வாருவதைக் காட்டி, மேலே என் பாட்டை ஓட்டியிருந்தார்கள். காலா வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம். அப்பா பலகை இழுக்க, 'அப்பா குடிக்கிறதில்ல' என்று நான் பாடிக்கொண்டிருந்தேன். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. காலாவிடம் சொல்லிவிட்டு பூத்துக்குப் போய் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

அம்மா ஊரில் எல்லாரையும் விசாரித்தார். நான் குறுக்கே பேசினேன். "அம்மா, அப்பா குடிக்கிறத நிறுத்தவே இல்லம்மா. நான் பொய்தான் பாடுனேன்."

"தெரியும்டி."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? குடிக்காத வூட்டுப் பொண்ணு அப்பா குடிக்கிறதில்லன்னு பாட்டு கட்டுமா? கார்ல கேக்கும்போதே தெரிஞ்சி போச்சு. தெரிஞ்சு என்னா பண்றது, பாஸ்போர்ட்டு அவங்ககிட்ட இருக்குது. நீ அப்படியாவது தைரியமா இருக்கியேன்னு நானும் கேக்கல."

காதைப் பற்றிச் சொன்னேன். அது அம்மாவுக்குத் தெரியாது.

"எந்தக் காது?"

"லெஃப்ட்டு."

"சரி. வை. நான் வர்றேன்."

ஒப்பந்தம் முடிய இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. காலாவின் கணவர் அம்மா வேலை செய்த வீட்டுப் பெரியவரிடம் போய்ப் பேசி, என் ஆல்பத்தின் அட்டையைக் காட்டி, பாஸ்போர்ட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஜூன் மாதம் ஒரு காலையில் அம்மா சென்னை விமான நிலையத்தில் வந்து இறங்கினார். போனபோது இருந்ததில் பாதியாக இளைத்திருந்தார். நான் ஓடிப் போவதற்குள் இரண்டு பெண்கள் குறுக்கே வந்து என்னிடம் கையெழுத்துக் கேட்டார்கள். அம்மா பெட்டியைப் பிடித்துக்கொண்டு, நான் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிட்டே வந்து, என் இடது காதுப் பக்கத்து முடியை ஒதுக்கிப் பார்த்தார்.

வீட்டுக்குப் போவதற்கு முன்னால் உப்பளத்துக்குப் போகச் சொன்னார். ரோட்டில் வாடகைக் காரை நிறுத்தி என்னை அதிலேயே இருக்கச் சொல்லிவிட்டு வரப்பில் நடந்து போனார். அப்பா வேலையை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். இருவரும் அரை மணி நேரம்போல நின்று பேசினார்கள். கத்தவில்லை, கையை ஓங்கவில்லை. தூரத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வந்த அம்மா, "பாண்டிச்சேரியில ஒரு வூடு பாக்கணும். நானும் நீயும் இருப்போம்" என்றார். அங்கே என்ன பேசினார்கள் என்று இருவரும் கடைசிவரை எனக்குச் சொல்லவில்லை.

அப்படியே செய்தோம். அந்த மழைக்காலத்தில் எனக்குக் காது ஆபரேஷன் நடந்தது. முழுதாகச் சரியாகவில்லை. பக்கத்தில் நின்று சத்தமாகப் பேசினால் கேட்கும், அவ்வளவுதான். கச்சேரிகள் தொடர்ந்து வந்தன. அடுத்த ஆல்பத்துக்கான பாட்டுகளை அந்தப் பாண்டிச்சேரி வீட்டில் அம்மா சமைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். அதில் அப்பாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அப்பா குடியை ஒரேயடியாக விட்டார் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அவர் விட்டார், மறுபடி ஆரம்பித்தார், மறுபடி விட்டார். குடிக்காத மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாண்டிச்சேரிக்கு வருவார். வீட்டுக்குள் வர மாட்டார். தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு யாரிடமாவது சொல்லி அனுப்புவார். அம்மா தூக்குச் சட்டியில் சோறும் மீன் குழம்பும் போட்டு என் கையில் தருவார். நான் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு எதிரே உட்காருவேன். அவர் சாப்பிட்டு முடித்து, கடைத் தொட்டியில் சட்டியைத் தானே கழுவித் துடைத்து என்னிடம் கொடுத்துவிட்டு மரக்காணம் பஸ்ஸைப் பிடிக்கப் போவார்.